சோற்றுக்கைப் பக்கம்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீயும் மாமாவும் சுகமா என்று கேட்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

ஆறு வருடமாக எழுதாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று உறையைப் பிரிக்காமலே மாமாவிடம் கேட்டிருப்பாய். இங்கே லிஃப்ட் கம்பெனியில் என் ஒப்பந்தம் முடிகிறது. வேறு நாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. போகிற வழியில் மே 14 காலை எட்டரைக்கு விமானம் உன் ஊரில் இறங்குகிறது. அடுத்த விமானம் அன்று மாலை ஆறரைக்கு. நீ கல்யாணமாகிப் போன அந்த ஊரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. உன்னையும் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு அம்மா வீட்டு வாசலில் நான் சொன்ன வார்த்தையை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. அம்மா போனபோது லீவு கிடைக்கவில்லை என்று தந்தி அடித்தேன். லீவு கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

வா என்றால் வருகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு

*

பிப்ரவரி 2

வாலுக்கு,

கடிதம் வந்தது. நாங்கள் இருக்கிறோம். நீயும் இருக்கிறாய் என்று தெரிந்ததில் சந்தோஷம்.

இது என்னடா டைப் அடித்த கடிதம், கோர்ட்டிலிருந்து வந்ததா என்று பயப்படாதே. உன் மாமா ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுக்கிறார். அவர் வீட்டிலேயே ஒருத்தி பேனாவைப் பிடித்துக் கீறிக்கொண்டிருந்தால் மானக்கேடாம். அதனால் கற்றுக்கொள்கிறேன். தப்பு இருந்தால் பழி அவர் மேல்.

வா. ஆனால் வீட்டுக்கு வேண்டாம், நேரம் போய்விடும். கடற்கரைக்கு வா. கலங்கரை விளக்கத்துக்கு எதிரே வரிசையில் மூன்றாவது சிமென்ட் பெஞ்ச். நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். எழுந்து வந்து கட்டிப் பிடிப்பேன் என்றெல்லாம் எதிர்பார்க்காதே, கோபம் இன்னும் தீரவில்லை.

விமான நிலையத்தில் டாக்ஸி பிடித்தால் நாற்பது நிமிடம். டெலிபோன் செய்யாதே. நாம் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். காகிதத்தில்தான் நாம் நல்ல பிள்ளைகள்.

அக்கா

*

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். உன் கோழிக் கிறுக்கலைப் பார்க்கலாம் என்று ஆசையாகப் பிரித்தால் அச்சு எழுத்து. கீழே கையெழுத்துகூட இல்லை. மாமாவை விசாரித்ததாகச் சொல், அவர் மாணவி தேறிவிடுவாள் என்றும் சொல்.

டாக்ஸியில் என்னால் வர முடியாது அக்கா. இரண்டு வருடம் முன்னால் ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கும்போது உள்ளே மாட்டிக்கொண்டேன். பதினோரு மணி நேரம். விளக்கு இல்லை. அன்றிலிருந்து கதவைச் சாத்தினால் மூச்சு அடைக்கிறது. கார், பஸ், எதிலும் ஏற முடிவதில்லை. வேலைக்கே நடந்துதான் போகிறேன். விமானத்துக்கு மட்டும் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார், அதைப் போட்டுக்கொண்டு பிணம் மாதிரி கிடப்பேன். லிஃப்ட் மெக்கானிக் லிஃப்டுக்குப் பயப்படுகிறான் என்று நீ சிரிப்பாய். சிரி. புது வேலை பட்டறையில்தான், பெரிய ஷெட், நாலு பக்கமும் திறப்பு. பதினான்காம் தேதி ஏறாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். அது போனால் இந்தத் தொழிலில் எனக்கு வேறு கதவு இல்லை.

அதனால் நடந்தே வருகிறேன். நீ எட்டு வருடமாகப் பதினேழாம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டர். விமான நிலையத்திலிருந்து கடற்கரை வரை உன் ரூட்தானே. வழியை எழுது, போதும்.

ஒரு விஷயம். வலது இடது எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான், தொழிலில் தெரிந்ததெல்லாம் மேலே, கீழே. அதனால் நம் பழைய கணக்கில் எழுது. நீ இடது கைக்காரி, சாப்பிடுவதும் எழுதுவதும் அதில்தான். சின்ன வயதில் எனக்கு வழி சொல்லும்போது, 'என் சோத்துக்கைப் பக்கம்'னு நீ சொன்னால் இடது, 'மறுகைப் பக்கம்'னு சொன்னால் வலது. நீ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்துக்கொண்டால் எனக்குத் திக்கு தப்பாது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? எழுதவே இல்லையே.

வாலு

*

பிப்ரவரி 28

வாலுக்கு,

சிரிக்கவில்லை. பதினோரு மணி நேரம் என்று படித்ததும் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன். அப்போதே எழுதியிருக்கக் கூடாதாடா?

சரி. மொத்தம் பதினான்கு கிலோமீட்டர். பாதிப் பஸ் ரூட்டை இப்போது தருகிறேன். விமான நிலையத்தின் பெரிய கேட்டைத் தாண்டியதும் என் சோற்றுக்கைப் பக்கம் திரும்பு. சுற்றுச்சுவரை ஒட்டியே அரை மணி நேரம் நடக்க வேண்டும். நிழல் என்ற பேச்சே கிடையாது, தொப்பி போட்டுக்கொள். சுவர் முடிகிற இடத்தில் ஒரு ரவுண்டானா, அதைச் சுற்றி டயர் கடைகள். அங்கே மறுகைப் பக்கம். அதற்கப்புறம் நேர் ரோடு. பிளாட்பாரம் எல்லாம் பெயர்ந்து கிடக்கும், காலைப் பார்த்து வை. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி வந்தால் மூன்றில் ஒரு பங்கு முடிந்தது.

தொட்டிக்குப் பக்கத்தில் எங்கள் டிப்போ. உள்ளே போய் 'நான் இன்னாருடைய தம்பி' என்று உறவு கொண்டாடாதே. பிடித்து வைத்துப் பேசியே கொன்றுவிடுவார்கள். எதிர்ப்பக்கமாக நட, யாரையும் எதுவும் கேட்காதே.

மீதி அடுத்த கடிதத்தில். மாமா உன்னைக் கேட்டார்.

அக்கா

*

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். காலில் மட்டும் ஒரு கொப்புளம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பதினான்கு கிலோமீட்டர் நடந்து பழகுகிறேன். மூன்றரை மணி நேரம் ஆகிறது. ஒன்பதே காலுக்கு வெளியே வந்தால் பன்னிரண்டே முக்காலுக்கு உன் பெஞ்ச். ஒன்றரைக்குத் திரும்பி நடந்தால் ஐந்து மணிக்கு விமான நிலையம். ஐந்தே காலுக்குக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். ஆக நமக்கு முக்கால் மணி நேரம். ஆறு வருடத்துக்கு முக்கால் மணி நேரம். நீ விமான நிலையத்துக்கே வந்துவிட்டால் நாள் முழுக்கப் பேசலாமே?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், நேரில் எனக்கு வாய் வராது. அம்மாவைப் படுக்கையில் விட்டுவிட்டு நான் பெட்டியைத் தூக்கினேன். நீ வாசலை மறித்து அறைந்தாய். அது நியாயம். நான் உன் இடது கையைப் பிடித்துத் தள்ளி, "இந்தக் கை விளங்காமப் போகட்டும்"னு சொன்னேன். எந்த வாயால் சொன்னேனோ அதே வாயால் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தக் கை எனக்குச் சோறு ஊட்டிய கை.

உன் உடம்பைப் பற்றி இந்தத் தடவையும் எழுதவில்லை. எழுது.

வாலு

*

ஏப்ரல் 8

வாலுக்கு,

பதில் தாமதம். கொஞ்சம் வேலை.

விமான நிலையத்துக்கு நான் வர மாட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நிற்க என்னால் ஆகாது. பெஞ்சுக்கு நீ வா.

அந்த வார்த்தையை நான் அன்றைக்கே துடைத்துப் போட்டுவிட்டேன். எட்டு வருடம் கண்டக்டராக நின்றவள் காதில் விழாத வசவா? சில்லறை இல்லை என்றால் ஊரே என்னைச் சபிக்கும். இனி அதைப் பற்றி நீ எழுதக் கூடாது, பேசக் கூடாது, நினைக்கவும் கூடாது. கடற்கரையில் அந்தப் பேச்சை எடுத்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நிஜமாகச் சொல்கிறேன்.

மீதி வழி. டிப்போவிலிருந்து நேரே போனால் ஆற்றுப் பாலம். பாலத்தில் இடப்பக்கம் வலப்பக்கம் பார்க்காமல் போ, லாரிகள் உரசிக்கொண்டு போகும். இறங்கியதும் என் சோற்றுக்கைப் பக்கம். பழைய ஆஸ்பத்திரிச் சுவர், அச்சகங்கள், கண்ணாடிக் கடைகள். அந்தத் தெரு போய் மணிக்கூண்டில் முட்டும். கூண்டு எப்போதும் பத்து நிமிடம் பின்னால் ஓடும், அதை நம்பாதே. அங்கே என் சோற்றுக்கைப் பக்கம் திரும்பு. அப்புறம் திருப்பமே கிடையாது. நேரே நடந்தால் கடல்.

யாரிடமும் வழி கேட்காதே, ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். என்னை நம்பு.

அக்கா

*

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

டிக்கெட் உறுதியாகிவிட்டது. வழியை மனப்பாடம் செய்துவிட்டேன். சோற்றுக்கை, மறுகை, சோற்றுக்கை, சோற்றுக்கை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடிதங்களையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன்.

உன் கடிதம் வர இந்தத் தடவை நாளாகிவிட்டது. தபால்காரர் எனக்குப் பயந்து வேறு தெருவில் சுற்றிப் போகிறார். உடம்பு எப்படி என்று மூன்று தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவையும் பதில் இல்லை. வேறு எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறவள் இதற்கு மட்டும் ஏன் எழுதவில்லை? 

வாலு

*

மே 2

வாலுக்கு,

நலம். நலம். நலம். மூன்று தடவைக்கும் சேர்த்து.

தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள். புதுச் செருப்புப் போடாதே.

அக்கா

*

மே 14, விமான நிலையம், மாலை 5.40

அக்கா,

நீ திரும்பி ஏறிய பஸ் இப்போது டிப்போவைத் தாண்டியிருக்கும். பத்திரமாக இறங்கி வீட்டுக்குப் போய்விடுவாய் என்று நம்புகிறேன். மாத்திரை போட இன்னும் நேரம் இருக்கிறது. பேசியதைப் பேசியாயிற்று, பேசாததை எழுதுகிறேன். சில இடங்களில் உனக்குக் கோபம் வரும். படி.

உன் வழி அச்சுப் பிசகவில்லை. சுவர், டயர் கடை, பெயர்ந்த பிளாட்பாரம், தண்ணீர்த் தொட்டி. டிப்போ வந்தபோது எதிர்ப்பக்கம் போனேன். காக்கிச் சட்டை போட்ட ஒரு அம்மாள் கேட்டில் நின்று டிக்கெட் கட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கேட்கலாமா என்று கால் இழுத்தது. நீ கேட்காதே என்றிருந்தாய், கேட்கவில்லை. பாலத்தில் ஒரு லாரி என் தொப்பியைத் தட்டிக்கொண்டு போயிற்று. மணிக்கூண்டுக்கு வந்தபோது என் கடிகாரத்தில் பன்னிரண்டேகால், கூண்டில் பன்னிரண்டு ஐந்து. சிரித்துக்கொண்டே உன் சோற்றுக்கைப் பக்கம், இடதுபக்கம், திரும்பினேன்.

திருப்பம் கிடையாது, நேரே நடந்தால் கடல் என்று எழுதியிருந்தாய். நடந்தேன். இரண்டு பக்கமும் கிடங்குகள், பூட்டிய ஷட்டர்கள், சிமென்ட் மூட்டை ஏற்றும் லாரிகள். காற்றில் உப்பு வாடையே இல்லை. பன்னிரண்டே முக்கால் ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. அக்கா தப்பாக எழுத மாட்டாள் என்று இன்னும் வேகமாக நடந்தேன். கடைசியில் ரயில்வே யார்டின் சுவர் வந்து முட்டியது. பக்கத்தில் ஒரு அம்மாள் எடை போடும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். உன் பேச்சை மீறிக் கேட்டேன்.

"கடலா? இந்தப் பக்கம் ஏது கடல்? கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுல்ல நடந்து வந்திருக்கீங்க."

"எங்க அக்கா எழுதிக் கொடுத்த வழிங்க. எட்டு வருஷம் இந்த ரூட்ல கண்டக்டர். அவங்க தப்பா சொல்ல மாட்டாங்க."

"அப்ப உங்க அக்காவுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு போல" என்று சிரித்தார்.

விளையாட்டாகத்தான் சொன்னார்.  உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் மூன்று திருப்பமும் சரி. நான்காவது மட்டும் தப்பு. என் சோற்றுக்கைப் பக்கம் போனால் கடல் என்கிறாய். கடல் இருப்பது வலதுபக்கம். எந்த அக்காவுடைய சோற்றுக்கை வலது கை?

அந்தச் சுவர் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். டைப் அடித்த கடிதங்கள். ஒன்றில்கூட இல்லாத கையெழுத்து. டெலிபோன் வேண்டாம். டிப்போவில் கேட்காதே. எழுந்து வர மாட்டேன். கம்பியைப் பிடித்து நிற்க ஆகாது. எல்லாவற்றையும் கோபம் என்று நினைத்திருந்தேன். வலது கையால் சாப்பிட்டுப் பழகிய ஒருத்தி, என் நான்காவது திருப்பத்தை எழுதும்போது ஒரு நிமிடம் மறந்துபோய் உண்மையை எழுதிவிட்டாள்.

நான் சொன்ன வார்த்தை எனக்கே திரும்பக் கேட்டது. சத்தமாகக் கேட்டது அக்கா.

மணி ஒன்று பத்து. அங்கிருந்தே திரும்பி நடந்தால் எப்படியும் விமானத்தைப் பிடிக்கலாம். கடலுக்கு வந்தால் நடந்து திரும்ப நேரமே இருக்காது. நான் கணக்குப் பார்க்கவில்லை. ஓடினேன், மூச்சு வாங்கி நடந்தேன், மறுபடி ஓடினேன்.

இரண்டு இருபதுக்கு உன்னைப் பின்னாலிருந்து பார்த்தேன். மூன்றாவது பெஞ்ச். இடது கை மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தாய். ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாக அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தாய். ஐந்து நிமிடம் நான் அங்கேயே நின்று அழுதேன், அது உனக்குத் தெரியாது. அப்புறம்தான் வந்து உன் இடதுபக்கம் உட்கார்ந்தேன்.

"லேட்டு" என்றாய். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லே பாதி காற்றாக வந்தது.

"வழி தப்பிடுச்சுக்கா."

"என் வழி தப்பாது. எங்க தப்பினே?"

"மணிக்கூண்டுல."

நீ யோசித்தாய். வலது கையை மெல்ல வாய் வரைக்கும் கொண்டு போய்ப் பார்த்தாய், சாப்பிடுகிற மாதிரி. அந்தக் கை அப்படியே நின்றது. உன் முகத்தைப் பார்த்தேன். நான் துண்டை எடுத்துவிட்டு அந்த இடது கையை மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பேச்சை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன் என்று எழுதியிருந்தாய். அதனால் நான் எடுக்கவில்லை. நீயும் எடுக்கவில்லை. என் கால் கொப்புளத்தைப் பற்றிப் பேசினோம்.

விமானம் போனால் போகட்டும், இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றபோது நீ வைத வசவு இருக்கிறதே, வாய் இழுத்திருந்தாலும் ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. "அம்மாவை விட்டுட்டுப் போனது இந்த வேலைக்குத்தானே? இப்ப வேலையையும் விட்டுட்டு நிப்பியா? பதினேழு வருது. ஏறு." முடியாது என்று கையை உதறினேன்.  எழுந்து, இடது காலை இழுத்து இழுத்து, நீயே பஸ்ஸின் முதல் படியில் காலை வைத்தாய். இரண்டாவது படியில் சாய்ந்தாய். உன்னைத் தாங்கப் பின்னால் ஏறினேன். உன்னைச் சீட்டில் உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தால் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. நானும் உள்ளே இருந்தேன்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு மணி பத்து நிமிடமும் உன் அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். நீ ஸ்டாப் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். ரயில் பாலத்தடியில் வெளிச்சம் போனபோது எனக்கு அந்த லிஃப்ட் வந்துவிட்டது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது. அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

கூப்பிடுகிறார்கள். இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன்.

உன் வாலு

*

ஜூன் 11

அன்புள்ள வாலுக்கு,

நீ போய்ச் சேர்ந்து, பட்டறையில் நாலு பக்கமும் காற்று வருகிறது என்று மாமாவுக்குப் போட்ட அட்டை வந்தது. நிம்மதி. நான் இருக்கிற நிலையில் சுகம்தான். இந்த எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல இருக்கிறதே என்று பார்க்காதே. இந்தப் பக்கத்தை எழுத நான்கு நாள் ஆயிற்று. மெஷினை மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போன வருடம் ஜூனில் பஸ்ஸிலேயே விழுந்தேன். ரத்த அழுத்தம் ஏறிப் பக்கவாதம். ஏப்ரலில் மறுபடி லேசாக வந்தது, அதுதான் கடிதம் தாமதம். இதுதான் மொத்தமும், இனி மறைக்க ஒன்றும் இல்லை. உனக்கு ஏன் சொல்லவில்லை என்று உனக்கே தெரியும். நீ அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு திரிவாய் என்றுதான்.

இப்போது நானே அந்தப் பேச்சை எடுக்கிறேன், முகத்தையும் திருப்பவில்லை. டேய், உன் வாய்க்கு அவ்வளவு சக்தி என்றால், பரீட்சைக்கு முதல் நாள் பள்ளிக்கூடம் இடிந்து விழ வேண்டும் என்று வருடா வருடம் நீ வேண்டிக்கொண்டாயே, ஒரு ஓடாவது விழுந்ததா? உன் வார்த்தையால் ஒன்றும் ஆகவில்லை. கை விளங்காமல் போனது உண்மை. ஆனால் அது விளங்காமல் போனதால்தான் அந்தச் சுவரோரத்தில் உனக்கு எல்லாம் விளங்கியது. இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம் கொப்புளத்தைப் பற்றியே பேசிவிட்டு நீ நடந்து போயிருப்பாய், நானும் துண்டுக்கடியில் கையை வைத்துக்கொண்டு உன்னை அனுப்பியிருப்பேன்.

நீ இறுக்கிப் பிடித்தது எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். பஸ்ஸில் தெரியவில்லை. மறுநாள் காலை சோப்புப் போடும்போது பார்த்தேன். புறங்கையில் நான்கு நகம் பதிந்து, ரத்தம் கட்டியிருந்தது. ஒரு வருடமாக அந்தக் கைக்கு டாக்டர் ஊசியைத் தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை. மாமா மருந்து போட வந்தார். போட விடவில்லை. ஐந்து நாளில் ஆறிவிட்டது. இன்னும் நாலு நாள் இருந்திருக்கலாம்.

அடுத்த தடவை வலது, இடது என்றே எழுதுவேன். அதற்குள் கற்றுக்கொள். பஸ்ஸில் ஏறிப் பழகு, ஜன்னலோரம் உட்கார்.

அன்புடன்,
அக்கா

இது சோற்றுக்கையால் எழுதியது. எந்தக் கை என்று இனி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.